எட்டுக்குத் தலையில் கோடு, மூன்றுக்கு இல்லை: அவை ஒரே இன வாத்துகளா?

உங்கள் கேள்வியின் தலைப்பு “இது என்ன பறவை?” என்று இருக்கிறது. ஆனால் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் உங்களைக் குடைந்துகொண்டிருப்பது வேறு என்று தெரிகிறது. நான்குநேரிப் பக்கம் ஒரு குளத்தில், பிப்ரவரி முதல் வாரம், மாலை ஐந்து மணிக்கு 11 பெரிய சாம்பல் நிற வாத்துகள் தண்ணீர் வற்றிய பக்கத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. எட்டின் தலையில் கறுப்புக் கோடுகள் இருந்தன, மூன்றில் இல்லை. கைப்பேசிச் செயலி ஒரு படத்துக்கு வரித்தலை வாத்து என்றது, இன்னொரு படத்துக்கு கிரேலாக் கூஸ் என்றது. கோடு இருப்பது ஆண், இல்லாதது பெண் என்கிறார் நண்பர். எல்லாமே யாரோ வளர்க்கிற வாத்துகள், மேய விட்டிருக்கிறார்கள் என்கிறார் உங்கள் மாமா. ஆக, நீங்கள் கேட்பது இதுதான்: ஒரே கூட்டத்தில் நிற்கும் இந்தப் பதினொன்றும் ஒரே இனமா, அதை எதை வைத்துச் சொல்வது?

நான் விலங்கியல் படித்தவன். இருபது வருடங்களுக்கு மேலாக ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகத் தென் மாவட்டக் குளங்களைச் சுற்றி வருகிறேன். உங்கள் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கோடு உள்ள எட்டும் வரித்தலை வாத்துகள், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கோடு இல்லாத மூன்றில் இரண்டு, அதே இனத்தின் போன வருடக் குஞ்சுகள். இதையும் ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். இரண்டாவது படத்தின் இடது ஓரத்தில் தனியாக நிற்கும் பதினோராவது பறவையைப் பற்றி மட்டும் இந்தப் படங்களை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

குழப்பத்தில் பாதி நம் சொல்லிலிருந்தே வருகிறது. நாம் வாத்து என்று சொல்லும்போது அது ஊசிவால் வாத்து, புள்ளிமூக்கு வாத்து, தாரா போன்ற சின்ன உருவங்களையும் குறிக்கிறது, கூஸ் என்று ஆங்கிலத்தில் சொல்லும் பெரிய உருவங்களையும் குறிக்கிறது. பேச்சு வழக்கில் இரண்டாவது வகைக்குத் தனிச் சொல் இல்லாததால் ‘கூஸ் வாத்து’ என்று சொல்லிச் சமாளிக்கிறோம். வரித்தலை வாத்து இந்தக் கூஸ் வகையைச் சேர்ந்தது. பட்டைத்தலை வாத்து என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். அறிவியல் பெயர் ஆன்சர் இண்டிகஸ். பெயரிலேயே இந்தியா இருந்தாலும், நம் நாட்டில் இது முட்டையிடுவது லடாக்கின் உயரமான ஏரிகளில் மட்டும்தான்.

கூஸ் வகைதானா என்பதைத் தலைக்கோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், நீங்களும் களத்தில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண வாத்தின் கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி இருக்கும். தண்ணீரில் உந்துவதற்கு அது வசதி, தரையில் நடக்கும்போது உடம்பு ஆடும். கூஸின் கால்கள் உடலின் நடுப்பக்கமாக, கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் அது மாடு மேய்கிற மாதிரி நிதானமாக நடந்து நடந்து மேயும். வாத்தின் அலகு தட்டை, தண்ணீரையும் சேற்றையும் வடிகட்டி எடுப்பதற்கானது. கூஸின் அலகு அடிப்பக்கம் தடித்து நுனி நோக்கிக் குறுகி, பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணமாகத் தெரியும், ஓரத்தில் அரம் போலப் பற்கள் இருக்கும். புல்லைக் கடித்து இழுக்க அதுதான் உதவுகிறது. கழுத்தும் நீளம். உங்கள் முதல் படத்தில் பதினொன்றும் தண்ணீரை விட்டு விலகிப் புல்லில் நின்று மேய்கின்றன. அந்த ஒரு காட்சியே புள்ளிமூக்கு வாத்தையும் மற்ற தாராக்களையும் ஒதுக்கிவிட்டது.

மாமா சொன்னதையும் தள்ளிவிடக் கூடாது. நம் ஊர் வீடுகளிலும் தோப்புகளிலும் காவலுக்கு வளர்க்கும் கூஸ்களில் பெரும்பாலானவை, கிழக்கு ஆசியாவின் ஸ்வான் கூஸ் என்னும் காட்டு இனத்திலிருந்து வந்தவை. அவற்றுக்கு அலகு தொடங்கும் இடத்தில், நெற்றியில் ஒரு குமிழ் புடைத்திருக்கும். பழுப்பு நிற வகையில் உச்சந்தலையிலிருந்து பின்கழுத்து வழியாக ஒரு கரும்பட்டை முதுகு வரை இறங்கும், முன்கழுத்து வெளுப்பு, அலகு கறுப்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் வரித்தலை வாத்தின் குஞ்சோடு குழப்பிக்கொள்ள இடம் உண்டு, ஏனென்றால் அதற்கும் உச்சியும் பின்கழுத்தும் கருமை. ஆனால் வளர்ப்புக் கூஸுக்குப் பின்பாகம் கனத்து, வயிறு தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கும். நாலு அடி எழும்பும், வட்டமடித்துப் பறக்காது. உங்கள் மூன்றாவது படத்தில் ஐந்து பறவைகள் குளத்துக்கு மேலே நல்ல உயரத்தில் பறக்கின்றன. ஆக, அந்த ஐந்தைப் பொறுத்தவரை மாமாவின் கருத்து நிற்காது. பதினோராவது பறவை அந்தப் படத்தில் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இனி அந்த எட்டு. வளர்ந்த வரித்தலை வாத்து 71 முதல் 76 சென்டிமீட்டர் நீளம், இரண்டு முதல் மூன்று கிலோ எடை, சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு வரும். உடம்பு வெளிர் சாம்பல். மற்ற சாம்பல் கூஸ்களோடு ஒப்பிட்டால் இது கண்ணுக்கே குளிர்ச்சியான, நீர்த்த சாம்பல். தலை வெள்ளை. அந்த வெள்ளையில் இரண்டு கறுப்புக் கோடுகள். முதல் கோடு ஒரு கண்ணுக்குப் பின்னால் தொடங்கித் தலையின் பின்புறமாகச் சுற்றி மறு கண் வரை போகிறது, குதிரை லாட வடிவம். இரண்டாவது அதற்குக் கீழே, பிடரியில், குட்டையாக. பெயருக்குக் காரணம் இவைதான். ஆனால் களத்தில் இவை பல சமயம் கைவிட்டுவிடும். கோடுகள் தலையின் பின்பக்கம் இருப்பதால் உங்களை நேராகப் பார்த்து நிற்கும் பறவையிடம் வெறும் வெள்ளை முகம்தான் தெரியும். முதுகுச் சிறகுக்குள் தலையைச் செருகித் தூங்கும் பறவையிடம் ஒன்றுமே தெரியாது. பகல் நேரத்தில் இவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், இரவில் மேய்ந்துவிட்டுப் பகலில் குளத்து நடுவிலோ திட்டிலோ ஓய்வெடுப்பது இவற்றின் வழக்கம். மாலையில் போனதால் அவை மேயக் கிளம்பிய நேரம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

அதனால் நான் கோட்டை விடக் கழுத்தைத்தான் அதிகம் நம்புவேன். வெள்ளைத் தலையிலிருந்து கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை கீழே இறங்கும். அதன் முன்புறம் கருஞ்சாம்பல், பின்புறம் ஏறக்குறைய கறுப்பு. நல்ல தொலைநோக்கி இருந்தால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தலைக்கோடு கலைந்துபோன பிறகும் இந்தக் கழுத்துப் பட்டை தெரிகிறது. அப்புறம் அலகும் காலும். அலகு மஞ்சள் கலந்த ஆரஞ்சு, நுனியில் நகம் போல ஒரு கறுப்புப் புள்ளி. அதை நகம் என்றே சொல்கிறோம். காலும் ஆரஞ்சு. பறக்கும்போது சிறகின் முன்பாகம் முழுக்க வெளிர் சாம்பல், பின் ஓரமும் நுனியும் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை. உங்கள் மூன்றாவது படம் மங்கல்தான், ஆனால் இந்த இரு நிறமும் அதில் தெளிவு. குரலைக் கேட்டீர்களா என்று எழுதவில்லை. மூக்கால் ஊதுகிற மாதிரி, இடைவெளி விட்டு விட்டு, தாழ்ந்த சுருதியில் ‘ஆங், ஆங்’ என்று கூப்பிடும். வளர்ப்புக் கூஸின் காட்டுக் கத்தலைக் கேட்டவர்கள் வித்தியாசத்தை உடனே பிடித்துவிடுவார்கள்.

நண்பரின் ஆண், பெண் கணக்குக்கு வருவோம். அவர் அப்படி நினைத்தது இயல்பு. மயிலிலும் ஊசிவால் வாத்திலும் ஆண் ஒரு உடை, பெண் ஒரு உடை என்றே பார்த்துப் பழகியிருக்கிறோம். கூஸ்களில் அப்படி இல்லை. வரித்தலை வாத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே கோடு, அதே கழுத்து, அதே அலகு. ஆண் சற்றே பெரியது, அவ்வளவுதான், அதுவும் ஜோடியாகப் பக்கத்தில் நின்றால் ஒழியத் தெரியாது. ஆகவே நிற வேறுபாடு வந்தால் வயது வேறுபாடா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

குஞ்சுகளுக்குத் தலையில் கோடு கிடையாது. முகமும் கன்னமும் அழுக்கு வெள்ளை, நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரி, பின்கழுத்து வரை ஒரே கருஞ்சாம்பல். கழுத்தின் வெள்ளைப் பட்டைக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது. வளர்ந்த பறவையின் விலாவில் தெரியும் கரும்பழுப்பும் குஞ்சிடம் இல்லை. அலகும் காலும் வெளிறிய மஞ்சள். கோடையில் பொரித்த குஞ்சு இந்த உடையோடுதான் இங்கே வந்து சேர்கிறது. குளிர்காலம் போகப் போக இறகு மாறி, கருமையான உச்சி உடைந்து, கோடுகள் உருவாகத் தொடங்கும். உங்கள் இரண்டாவது படத்தில் நடுவில் நிற்கும் இரண்டும் இந்த விவரிப்புக்கு அப்படியே பொருந்துகின்றன. வலப்பக்கம் இருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சியின் கருமைக்குள் ஒரு வெள்ளைக் கீற்று எட்டிப்பார்க்கிறது. அது பிப்ரவரியில் எதிர்பார்க்கக்கூடிய கோலம்தான்.

கூஸ்கள் குடும்பமாக வலசை போகிறவை. தாயும் தந்தையும் குஞ்சுகளை விட்டுவிட்டுக் கிளம்புவதில்லை, பல சிறு பறவைகளில் இருப்பது போலக் குஞ்சு தனியாக வழி கண்டுபிடிப்பதும் இல்லை. முதல் பயணத்தைப் பெற்றோருடன் வந்து, குளிர்காலத்தையும் அவர்களுடனே கழிக்கின்றன. அதனால்தான் கோடு உள்ளவற்றுக்கு நடுவே கோடு இல்லாதவை நிற்பது விநோதம் இல்லை, அதுதான் இயல்பு. உங்கள் எட்டு பெரியவையும் நாலு ஜோடிகளா, அந்த இரண்டு குஞ்சும் ஒரே ஜோடியுடையவையா என்று கேட்டால், படத்தில் ஒரு நொடி மட்டுமே இருக்கிறது, அதிலிருந்து உறவு சொல்ல முடியாது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் எது எதன் பின்னால் நடக்கிறது, யாரை யார் விரட்டுகிறார்கள் என்று ஓரளவு புரியும். எனக்குக் கணக்கெடுப்பை விடப் பிடித்த வேலை அது. எங்கள் குழுவில் குஞ்சுகளைத் தனியாக எண்ணி எழுதச் சொல்லிப் புதியவர்களிடம் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வருடம் வடக்கே குஞ்சு பிழைத்ததா என்பதற்குக் குளக்கரையில் நின்றபடி நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம் அந்த எண்ணிக்கை.

சரி, பதினோராவது. செயலி கிரேலாக் என்றது இந்தப் பறவையைத்தான். கிரேலாக் கூஸ் 76 முதல் 89 சென்டிமீட்டர் வரை வளரும், வரித்தலையை விடப் பெரியது, கழுத்து தடித்தது. தலை, கழுத்து, உடம்பு எல்லாம் பழுப்பு கலந்த சாம்பல், எங்கும் கோடு இல்லை, முகத்தில் வெள்ளையும் இல்லை. கழுத்து இறகுகள் சீப்பால் கீறிவிட்டது போலச் சால் சாலாகத் தெரியும். இந்தியாவுக்கு வரும் கிழக்கத்திய கிளையினத்தின் அலகு ரோஜா நிறம், கால் ரோஜா நிறம், அலகு நகம் வெளுப்பு. பறக்கும்போது அதற்கும் சிறகின் முன்பாகம் வெளிர்தான், அந்த அடையாளத்தை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. வட இந்தியாவில் பரத்பூர், கிழக்கே சில்கா போன்ற இடங்களில் வரித்தலையும் கிரேலாக்கும் ஒரே நீர்நிலையில் குளிர்காலத்தைக் கழிப்பது சாதாரணம். தென்கோடித் தமிழ்நாட்டில் கிரேலாக் மிக அபூர்வம்.

உங்கள் படத்தில் அந்தப் பறவையின் முகம் பழுப்பாக இருக்கிறது, கழுத்து மற்றதை விடத் தடிப்பாகத் தெரிகிறது. கிரேலாக் என்று சொல்ல இவை இரண்டும்தான் ஆதாரம். எதிர்ப்பக்கம் பாருங்கள். அது கேமராவுக்கு மற்றவற்றை விடக் கிட்டத்தில் நிற்கிறது, அதனால் பெரிதாகவும் தடிப்பாகவும் தெரியும். ஐந்து மணி வெயில் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கிறது. அந்த வெயிலில் வெளிர் சாம்பல் பழுப்பாகும், ரோஜாவும் ஆரஞ்சும் ஒன்றுபோல ஆகும். அலகு நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டிய இடத்தில் அலகு நிறத்தையே வெயில் கெடுத்துவிட்டது. மூன்றாவது காரணம் சேறு. வற்றும் குளத்தில் மேயும் பறவை கண் வரைக்கும் சேற்றைப் பூசிக்கொள்ளும். வட அமெரிக்காவில் ஸ்னோ கூஸ் என்று வெள்ளைத் தலையுள்ள இனம் ஒன்று உண்டு, இரும்புச் சத்துள்ள சேற்றைக் கிளறி மேய்வதால் அதன் முகம் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளை முகம் எந்தக் கறையையும் ஏற்றுக்கொள்ளும்.

இதை நான் சொந்தத் தவறிலிருந்து கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், தாமிரபரணிப் பாசனக் குளம் ஒன்றில், வரித்தலைக் கூட்டத்தின் ஓரத்தில் பழுப்புத் தலையுடன் ஒரு கூஸைப் பார்த்தேன். மனம் துள்ளியது. படிவத்தில் கிரேலாக் என்று எழுதியே விட்டேன். கூட இருந்த பெரியவர் ஒருவர், ஊர்க்காரர், பறவை பெயர் எதுவும் அறியாதவர், “குளிச்சிட்டு வரட்டும் சார், அப்புறம் எழுதுங்க” என்றார். முக்கால் மணி நேரம் கழித்து அது மடைப்பக்கத் தெளிந்த தண்ணீரில் இறங்கித் தலையை நாலைந்து தடவை முக்கி எடுத்தது. கன்னம் வெள்ளையாக வந்தது, உச்சி கருமையாகவே நின்றது. போன வருடக் குஞ்சு. படிவத்தில் எழுதியதை அடித்துத் திருத்தினேன். அன்றிலிருந்து அபூர்வமான ஒரு பெயரை எழுதுவதற்கு முன் குறைந்தது மூன்று தனித்தனி அடையாளம் கிடைக்கும் வரை காத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய பறவையிடம் எனக்கு ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. என் கணிப்பு, சேறு பூசிய மூன்றாவது குஞ்சு என்பது. வெறும் கணிப்பாகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ப்புக் கூஸ் என்று தோன்றவில்லை, பின்பாகம் கனக்கவில்லை, நெற்றியில் குமிழ் இல்லை. ஆனால் அது பறப்பதை நீங்கள் பார்க்காதவரை மாமாவின் பக்கமும் சின்னதாக ஒரு வாசல் திறந்தே இருக்கிறது.

கேள்வியின் கடைசியில், “இமயமலைக்கு மேலே பறந்து வரும் பறவை இதுதானா?” என்றும் கேட்டிருந்தீர்கள். இதேதான். மங்கோலியா, சீனாவின் சிங்காய் ஏரிப் பகுதி, திபெத், கிர்கிஸ்தான், நம் லடாக் ஆகிய உயர்நிலங்களில் கோடையில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்துக்கு இறங்குகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்காணித்ததில் பதிவான உச்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட் 8,849 மீட்டர். எவரெஸ்ட்டைத் தாண்டிப் பறந்ததைப் பார்த்ததாக மலையேறிகள் சொன்ன கதைகள் பல காலமாக உலவுகின்றன, கருவிகள் இதுவரை அதை உறுதிப்படுத்தவில்லை. சொல்லப்போனால் இவை தேவைக்கு மேல் ஒரு மீட்டர்கூட ஏறுவதில்லை, பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் ஒட்டி, மலை ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கிப் பறக்கின்றன. மெல்லிய காற்றில் சிறகடிப்பதற்குச் செலவு அதிகம், அதனால் உயரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதை விட இறங்கி ஏறுவதே லாபம். காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடியற்காலையிலும்தான் பெரும்பாலும் கடக்கின்றன. இவற்றின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், கிரேலாக்கின் ஹீமோகுளோபினிலிருந்து ஒருசில அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. அந்தச் சின்ன வேறுபாட்டால் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. நுரையீரலும் உடல் அளவுக்குப் பெரியது. குளத்து ஓரத்தில் புல் மேயும் அந்த உடம்புக்குள் இத்தனையும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகத் தங்குவது இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில். கர்நாடகத்தில் கதக் மாவட்டத்து மாகடி ஏரி பெயர் பெற்றது. இன்னும் தெற்கே இறங்கினால், உங்கள் நான்குநேரி வட்டத்திலேயே இருக்கும் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கும் ஊர் அது. இந்த வாத்துகள் வழக்கமாக வந்து தங்கும் தென்கோடி இடங்களில் ஒன்று. அங்கிருந்து சுற்றுவட்டாரக் குளங்களுக்கு இவை மேயப் போவதும் திரும்புவதும் புதிதல்ல. நீங்கள் பார்த்த கூட்டமும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

உங்கள் பதிவின் கீழே ஒருவர் “இதுதான் நம் அன்னம்” என்று உறுதியாக எழுதியிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். குமரித் துறையில் இரை தின்று வடமலைக்குத் திரும்பும் அன்னத்தைச் சங்கப் பாடல் ஒன்று பேசுகிறது. திசையும் தூரமும் வரித்தலை வாத்தோடு பொருந்துவதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்கிறது, எனக்கும் வருகிறது. ஆனால் அந்த அன்னம் தின்பது அயிரை மீன். வரித்தலை வாத்துக்குப் புல்லும் தானியமும்தான் முக்கிய உணவு. தலைக்கோட்டைப் பற்றியும் அந்தப் பாட்டில் பேச்சில்லை. பறவையை அடையாளம் காணும் முறையில் பார்த்தால், பாட்டு தருவது வலசைப் பாதையை மட்டும்தான், பறவையின் உருவத்தை அல்ல. அதனால் ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். வெண்ணிற ஸ்வானைத்தான் அன்னம் என்று நினைத்து அவர் சொல்லியிருந்தால் அதற்கு வாய்ப்பே இல்லை. ஸ்வான்கள் இந்தியாவின் வடமேற்கு மூலைக்கே எப்போதோ வழிதவறி வருபவை.

மறுபடி போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. மார்ச் கடைசிக்குள் போனால் தேவலை, ஏப்ரலில் அவை கிளம்பிவிடும். இந்த முறை காலையில் போங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கமாக நில்லுங்கள். கரைமேல் நின்றால் உங்கள் உருவம் வானத்தில் எடுப்பாகத் தெரியும், கரைச்சரிவில் உட்காருங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டத் தொடங்கினால் அதற்கு மேல் ஒரு அடி வைக்க வேண்டாம். அவை மேயும் ஒவ்வொரு வேளையும் வடக்கே திரும்பும் பயணத்துக்கான எரிபொருள். ட்ரோன் எதுவும் வேண்டவே வேண்டாம். கழுத்தில் எழுத்தும் எண்ணும் போட்ட பிளாஸ்டிக் பட்டை ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு பறவையாகப் பாருங்கள். மங்கோலியாவில் அப்படிப் பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் பார்க்கப்பட்டிருக்கின்றன. தெரிந்தால் பட்டையின் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறந்த பறவை கிடந்தால் தொடாதீர்கள், படம் எடுத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 2005இல் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தபோது அதில் இந்த இனத்துக்குத்தான் பெரும் இழப்பு. 2020 டிசம்பர் கடைசியிலும் 2021 ஜனவரியிலும் போங் அணையில் அதே நோயால் ஆயிரக்கணக்கில் இறந்தவற்றிலும் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். உங்கள் குளத்தில் அப்படி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை, இருக்கும் என்று பயப்படவும் வேண்டாம். கூட்டமாக வாழும் பறவை என்பதால் இந்த எச்சரிக்கை.

மற்ற பத்தையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் தேடுங்கள். நிற்கும்போது கால் மஞ்சளா ரோஜாவா, அலகு நுனி நகம் கறுப்பா வெளுப்பா, குளித்து எழுந்த பிறகு கன்னம் வெள்ளையாகிறதா, எழுந்து பறக்கிறதா. இந்த நாலையும் பார்த்துவிட்டு இதே இடத்தில் எழுதுங்கள், படம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை.